நகர விற்பனைக் குழுவில் நமக்குள்ள இடம்



கடை வாசலை மறித்துத் தள்ளுவண்டி, சரக்கு இறக்க லாரிக்கு வழியில்லை என்ற குறை நமது அறந்தாங்கி போன்ற ஊர்களில் புதிதல்ல. நகராட்சிக்கு மனு கொடுப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆனால், இதைப் பேசித் தீர்க்கும் குழுவிலேயே வணிகர் சங்கங்களுக்குச் சட்டம் இடம் தந்திருப்பதைப் பலர் அறிவதில்லை.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். நகராட்சி ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்திற்குக் குறையாதோர் தெரு வியாபாரிகள் தமக்குள் தேர்ந்தெடுப்பவர்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். காவல்துறை, போக்குவரத்துக் காவல், மருத்துவ அலுவலர், வங்கி, குடியிருப்போர் நலச்சங்கம் ஆகியவற்றோடு வணிகர் சங்கப் பிரதிநிதிகளும் நியமன உறுப்பினர்கள்.

5 ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பது, விற்பனைச் சான்று வழங்குவது, விற்பனைக்குரிய இடம், விலக்கப்பட்ட இடம் பற்றிப் பரிந்துரைப்பது ஆகியவை இதன் பணி. சான்று பெற்றவரை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே, திட்டம் முடிவான பின் புகார் சொல்வதில் பயன் குறைவு.

இது சம்பளப் பதவியன்று. படி மட்டுமே உண்டு. எனவே பெயருக்கு ஒருவரை அனுப்பாமல், கூட்டம் தவறாது செல்பவரை, வீதியின் அகலமும் சரக்கு இறங்கும் நேரமும் குறித்து வைத்துப் பேசுபவரை அனுப்புவோம். தெரு வியாபாரிகளில் பலர் நம்மிடமே சரக்கு எடுப்பவர்கள். அவர்கள் பிழைப்பும் கெடாமல், நம் வாசலும் அடைபடாமல் வழி காண்பதே முறை.