மயிரிழை இடைவெளி

மோட்டார் சைக்கிளிலிருந்து 'டிக் டிக்' என்று டேப்பட் சப்தம் எழுந்த மாத்திரத்தில் மனம் பதைத்து, அதை அறவே அடக்கிவிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லுகிறவர்கள் நம்மில் அநேகர். அவ்விதம் வாயடைப்பது யந்திரத்துக்கு எத்தகைய தீங்காக முடியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உஷ்ணம் ஏறினால் உலோகம் நீளும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த விஷயம். எல்லா உலோகமும் ஒரே அளவில் நீள்வதில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர் நீளும். எஃகோ அதில் பாதிதான். யந்திரத்தின் பாகங்கள் சூடேறுவதும் ஒரே அளவில் அல்ல. உள்ளே வரும் புதுக் கலவை தழுவிச் செல்வதால் இன்லெட் வால்வு ஓரளவு ஆறியிருக்க, எரிந்த வாயு வெளியேறும் வழியில் நிற்கும் எக்ஸாஸ்ட் வால்வோ செந்தணலாகக் காய்ந்து, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரை நோக்கி அதன் தண்டு நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் விட்டே, பெரும்பாலான வண்டிகளில், யந்திரம் ஆறியிருக்கையில் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வைக்கிறார்கள். 'டிக் டிக்' சப்தம் எழுவது அந்த இடைவெளியில்தான்.

இடைவெளி அற்றுப்போனால் வால்வு தன் இருக்கையில் முழுதும் படியாது. வால்வு தன் உஷ்ணத்தை இறக்கிவைக்கும் பிரதான இடம் அந்த இருக்கையே ஆகையால், படியாத விளிம்பில் தீவாயு பீறிட்டு ஓடி அதை அரித்துவிடுகிறது. அப்படிக் கருகிய வால்வு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எலி கடித்த அப்பளம்போல் ஓரம் போயிருந்தது.

1955 முதல் சென்னையில் உருவாகிவந்த பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட் மோட்டார் சைக்கிளின் கணக்கு வேறு. ஆறிய நிலையில் அதற்கு இடைவெளியே வேண்டாம். பிஸ்டனைக் கம்ப்ரெஷனின் உச்சியில் நிறுத்தி, பக்கத்து மூடியைக் கழற்றி, ராக்கரைத் தள்ளும் அலுமினியக் கோலான புஷ்ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டினால், அது தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது. காரணம், சூடேறும்போது சிலிண்டரும் ஹெட்டும் உயர்ந்து, அவற்றைவிடக் குளிர்ந்திருக்கும் புஷ்ராடுக்கு இடம் விட்டுக்கொடுக்கின்றன. ஆகவே இவ்வண்டியில் சூட்டில் சப்தம் சற்றுக் கூடுவது இயல்பே. அதை அறியாமல், நெடும் பிரயாணம் முடித்து வந்த சூட்டோடு சூடாக டேப்பட்டை முடுக்கி இடைவெளியை அடைத்துவிட்டால், இரவில் சிலிண்டர் சுருங்குகிறபோது புஷ்ராடு இறுகி, வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்கிறது. விடிந்ததும் கிக்கரை மிதித்தால், காலுக்கு எதிர்ப்பே இல்லாமல் அது சும்மா கீழே போகும். இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் முதல் உதைக்கு முன்னரே ஸ்பானரை எடுக்கவேண்டும்.