ஓங்கல் ஏன் மூச்சுவிட மேலே வருகிறது?



மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை வந்து நின்றாள். "ஃபாதர், பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் பரிணாமம் என்று எழுதுகிறேன். மறைக்கல்வித் தேர்வில் ஆறு நாளில் படைப்பு என்று எழுதுகிறேன். இதில் எது பொய்?" ஒன்றை விட்டுவிடு என்று நான் சொன்னால் அவள் எதை விடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படிக் கோவிலை விட்டுப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் அப்பா கடல் தொழில் செய்கிறவர். அதனால் ஓங்கலைப் பற்றிக் கேட்டேன். வள்ளத்துக்குப் பக்கத்தில் அது மூச்சுவிட மேலே வருவதை நம் கரையில் யார்தான் பார்த்ததில்லை? மீனுக்குச் செவுள், ஓங்கலுக்கு நுரையீரல். குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீன் வாலை இடமும் வலமும் அடிக்கும். ஓங்கல் மேலும் கீழும் அடிக்கும், ஓடுகிற நாயின் முதுகு வளைவதுபோல. துடுப்புக்குள்ளே நம்முடையதைப் போலக் கை எலும்பும் விரல் எலும்பும் இருக்கின்றன. கருவில் பின்னங்கால் முளைவிட்டு, பிறகு மறைந்துபோகிறது. கடலைவிட்டு வெளியே வராத உயிருக்குக் கால் எதற்கு? அதன் முன்னோர் தரையில் நடந்தவை என்பதே அறிவியலாளர்களின் பதில்.

இது ஊகமல்லவா என்று கேட்கலாம். ஓங்கலும் திமிங்கலமும் ஒரே இனம். இன்று உயிரோடிருப்பவற்றில் அவற்றுக்கு நெருங்கிய உறவு நீர்யானை என்று 1990களில் மரபணு ஆய்வாளர்கள் சொன்னார்கள். எலும்பு ஆய்வாளர்கள் பலர் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. 2001-ல், பாகிஸ்தானில் கிடைத்த பழங்காலத் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகள் விவரிக்கப்பட்டன. ஆம், அவற்றுக்குக் கால்கள் இருந்தன! அந்த எலும்பு மாடு, மான், நீர்யானை வகைக்கே உரிய வடிவில் இருந்தது.

நம் நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. ரங்கா ராவ் என்ற நிலவியலாளர் ஜம்மு காஷ்மீரின் கலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்தார். எல்லாவற்றையும் உடைத்துப் பார்க்குமுன் இறந்துபோனார். அவர் மனைவி அவற்றைத் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் கைதவறி ஒரு மண்டையோடு உடைந்தது. உள்ளே தெரிந்த காது எலும்போ திமிங்கலத்தினுடையதைப் போலவே இருந்தது! 2007-ல் இந்தச் செய்தி வெளியானது. அந்த 'இந்தோஹையஸ்' சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. ஏறக்குறைய நம் மலைக்காட்டுச் சருகுமான் போன்ற சிறு விலங்கு.

1996-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல, அதற்கும் மேலானது என்றார். தனித்தனியே உழைத்த துறைகள் தேடாமலே ஒரே முடிவில் வந்து சேர்ந்ததைத்தான் அவரும் காரணமாகக் காட்டினார். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதைத் திருச்சபை விட்டுக்கொடுக்கவில்லை. அதை எந்தப் பாறையிலும் தோண்டி எடுக்க முடியாது. தொடக்க நூல் சொல்வது படைத்தவர் யார் என்பதை. எலும்புகளின் வயதை அது சொல்ல வரவில்லை.

"இரண்டு பரீட்சையையும் பயமில்லாமல் எழுது" என்றேன். பிள்ளை விடவில்லை. "அப்போ ஆதாம், ஃபாதர்?"

அது அடுத்த வாரம்.