மஞ்சள் பைத்தியக்கார எறும்பு

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்தில், கரந்தமலை அடிவாரக் கிராமங்களில், 2022ஆம் ஆண்டு ஒருவகை எறும்பு கூட்டங்கூட்டமாக வீடுகளிலும் தொழுவங்களிலும் புகுந்ததையும், ஆடுமாடுகளின் கண்கள் கெட்டன என்று ஊரார் முறையிட்டதையும் அங்கத்தினர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். அதன் அடையாளம் அறியாமல், செந்நிற எறும்பு எதைக் கண்டாலும் மருந்து தெளிப்பது பொருளுக்கும் கேடு, பயிருக்கும் கேடு என்பதால் இதனை எழுதுகிறோம்.

இவ்வெறும்பு 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அரிசியினும் சற்றுச் சிறிது. மெலிந்த உடல், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், உடலுக்குப் பொருந்தாத நெடிய கால்கள், அவ்வாறே நெடிய உணர்கொம்புகள். கலைத்தால் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடும். பெயர்க் காரணம் இதுவே. இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. வயிற்றின் நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அது கன்று, குட்டிகளின் கண்ணிற் பட்டால் உபத்திரவம் பெரிது.

மாமரத்து முசுறு வேறு. அது இதனினும் பெரிது, சுருக்கெனக் கடிக்கும், தன் புழுவையே நாடாபோற் பிடித்து, அதன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும். நெசவாள அங்கத்தினர்களுக்குத் தொழில்முறையில் உறவு என்றே சொல்லலாம்! மாம்பூச்சிகளை உண்ணும் அம்முசுறை மருந்திட்டுக் கொல்வது விவசாயிக்கு நஷ்டமே.

பைத்தியக்கார எறும்பின் ஒரே கூட்டில் ராணிகள் பல. ஒரு கூட்டார் அடுத்த கூட்டாரோடு சண்டையிடுவதில்லை. ஆகவே பெருகுவதற்குத் தடையில்லை. ராணி பெரும்பாலும் பறந்து செல்லாமல், வேலைக்கார எறும்புகளுடன் நடந்தே புதுக்கூடு காணும். தொலைவான ஊருக்கு அதனைக் கொண்டு சேர்ப்பது நாம் ஏற்றிச் செல்லும் விறகும் மண்ணும் நாற்றுமே. மாவுப்பூச்சி, செதில்பூச்சிகள் கசியவிடும் தேன்நீர் இதன் ஆகாரம். அதற்காக அப்பூச்சிகளைக் காவல் காக்கும். இந்துமகா சமுத்திரத்தின் கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது இவ்வெறும்பே. அங்கே 2016இல் எறும்பை விடுத்து, அதற்குத் தேன்நீர் தரும் செதில்பூச்சியை அழிக்கும் சிறு குளவியை மலேசியாவிலிருந்து கொணர்ந்து விட்டனர். மூலத்தை நாடிய இம்முறை நமக்கு மிகவும் உகந்ததாகப் படுகிறது.

இளங்குட்டிகளைப் பரணில் வைத்து, பரணின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துக. அமிலம் கண்ணிற் பட்டால் உடனே தூய நீரால் நன்கு கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ஐயமான எறும்புகள் சிலவற்றைச் சிறு சீசாவில் ஸ்பிரிட்டிலிட்டு, ஊரும் தேதியும் எழுதி வேளாண்மை அலுவலகத்தில் காட்டலாம். சங்கச் செயலாளரிடம் கொடுத்து வைத்தால், தணிக்கைக்கு வரும்பொழுது நாமே எடுத்துச் சென்று சேர்ப்பிப்போம்.