கிரையப் பத்திரத்தில் பிழையா? திருத்திக் கொள்வது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று தொழிற்சாலைகளாகி விட்டன. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம்-வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் உள்ளன. தொழில் தேவைக்கு நிலம் எடுப்பதற்கென்றே தமிழகத்தில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு.

நில எடுப்பு அறிவிப்பு வந்த பிறகே பல விவசாயிகள் பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் படிக்கிறார்கள். உட்பிரிவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், இழப்பீடு யாருக்கு என்ற கேள்வி எழும். பாத்தியதையில் தகராறு ஏற்பட்டால் பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டு விடும். நிலமும் போய், பணமும் கைக்கு வராத நிலை உண்டாகும்.

எது பிழை?

புல எண் 112/2ஏ என்பதற்கு 112/2பி என்று எழுதுவது, நான்கெல்லையில் கிழக்கு மேற்கு மாறுவது, தகப்பனார் பெயர் தவறுவது ஆகியவை திருத்த வேண்டிய பிழைகள்.

பழைய பத்திரத்தில் ‘செங்கற்பட்டு மாவட்டம்’ என்றிருப்பது பிழையல்ல. 1997-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் காஞ்சிபுரம் மாவட்டம் உருவாயிற்று. பத்திரத்தில் 1 ஏக்கர் என்றும், பட்டாவில் சுமார் 40.5 ஏர்ஸ் என்றும் இருந்தால் அதுவும் ஒரே அளவுதான்.

திருத்தும் முறை

பத்திரம் பதிவாகுமுன் அடித்தல், சேர்த்தல் இருந்தால், எழுதிக் கொடுப்பவர் அந்த இடத்தில் கையொப்பமிட வேண்டும். பதிவான பிறகு பத்திரத்தில் ஓர் எழுத்தையும் அழிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றைத் தனியாக எழுதிப் பதிய வேண்டும். மூலப் பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவான அலுவலகம், தவறாக உள்ள வாசகம், சரியான வாசகம் ஆகியவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். பழைய பத்திரம் ரத்தாவதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆகவே இரண்டையும் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

இதில் எழுதிக் கொடுத்தவரின் கையொப்பம் முக்கியம். அவர் காலமாகி விட்டால் வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட வேண்டும். காலம் செல்லச் செல்ல வாரிசுகள் பெருகுவார்கள். நிலத்தின் விலையும் ஏறும். கையொப்பம் கிடைப்பது அரிதாகும்.

அவர்கள் மறுத்தால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். இருதரப்பாரும் ஒன்றை எண்ணி, தவறுதலாக வேறொன்றை எழுதி விட்டார்கள் என்பதையோ, மோசடி நடந்தது என்பதையோ மெய்ப்பிக்க வேண்டும். இதற்கிடையில் வேறொருவர் நல்லெண்ணத்துடன் பணம் கொடுத்து அந்நிலத்தை வாங்கியிருந்தால், அவருடைய உரிமைக்குக் கேடு வரும்படி நீதிமன்றம் திருத்தம் செய்யாது. தாமதத்தினால் வரும் பெரும் ஆபத்து இதுவே.

பிழைத்திருத்தல் என்ற பெயரில் புதிய நிலத்தைச் சேர்க்க முடியாது. 50 செண்டு விற்றவர் 70 செண்டு என்று மாற்றித் தர விரும்பினால், கூடுதலான 20 செண்டுக்குத் தனிக் கிரையம் எழுதி, உரிய முத்திரைத் தீர்வை செலுத்துவதே முறை.

பட்டாவையும் பாருங்கள்

பத்திரம் சரியாக இருந்தும் பட்டாவில் பிழை இருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரும் பரப்பும் மாறிப் பதிவான இனங்கள் பல உண்டு. இதற்குப் பதிவு அலுவலகத்தில் பரிகாரம் கிடையாது. வருவாய்த் துறையினரிடம் மனுச் செய்ய வேண்டும். வட்டாட்சியரின் உத்தரவு பாதகமாக இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமை பற்றியே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்ப்பளிக்க வேண்டும்.

அறுவடை முடிந்து ஓய்வாக இருக்கும் நாட்களில் விவசாயிகள் தாய்ப் பத்திரம், கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் ஒருசேர வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பிழை தென்பட்டால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடும் நட்போடும் இருக்கும்போதே திருத்திக் கொள்ள வேண்டும்.