வேகாத எழுத்து

பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் நசரத்பேட்டையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி எழுதியிருந்தார். துறை விழாவுக்காக வகுப்பே சேர்ந்து டி-ஷர்ட் அடித்திருக்கிறது. முதுகில் தஞ்சைப் பெரிய கோயில் விமானம். அதன் கீழே, ‘ராஜராஜனே ஒரே நாளில் கட்டவில்லை, ரெக்கார்ட் நோட் நாளைக்கு எழுதிக்கலாம்’ என்று வாசகம். மூன்றாவது சலவையில் விமானம் கீறல் விட்டு, எழுத்து செதில் செதிலாக உதிர்ந்துவிட்டதாம். “மை மட்டமா சார், துணி மட்டமா?” என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. வேக்காடு போதவில்லை.

நெஞ்சில் தமிழ் எழுதிக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது. 2020 செப்டம்பரில் ‘ஹிந்தி தெரியாது போடா’ வாசகத்துக்குத் திருப்பூரில் ஆர்டர் குவிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த எழுத்தெல்லாம் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். பிரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. எழுத்து வரும் இடம் மட்டும் திறந்திருக்கும். மையை ஊற்றி ஸ்க்வீஜியால் ஒரு இழுப்பு. மார்கழியில் ஓட்டைத் தட்டில் மாவைப் போட்டுக் கோலம் இறக்குவோமே, அதே வேலை. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. என்னை மயக்குவது அந்த மை.

டி-ஷர்ட்டுக்கு அதிகம் பயன்படும் மையின் பெயர் பிளாஸ்டிசால். பி.வி.சி.யின் மிக நுண்ணிய தூளை, அதை இளக வைக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலந்தது. இதில் தண்ணீர் கிடையாது. ஆவியாகிப் போக ஒன்றும் இல்லாததால் இந்த மை தானாகக் காய்வதே இல்லை. தண்ணீர் கலந்த மை என்றால் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வலையிலேயே காய்ந்து கண்ணை அடைத்துவிடும். பிளாஸ்டிசால் ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தாலும் காலையில் அதே பதத்தில் இருக்கும். சூடு பட்டால்தான் அதற்கு விழிப்பு. தூள் திரவத்தைக் குடித்து உப்பும். சுமார் 160 டிகிரி செல்சியஸில் ஒன்றோடொன்று உருகிக் கலந்து, துணியின் இழைகளைக் கவ்விய ஒரே தோலாகிவிடும். தொழிலில் இதைக் ‘க்யூரிங்’ என்பார்கள்.

சிறு வயதில் அம்மா இட்லிப் பானையைத் திறந்து, ஈர விரலால் இட்லியைத் தொட்டுப் பார்ப்பார். மேலே வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். விரலில் மாவு ஒட்டினால் மறுபடி மூடிவிடுவார். பிளாஸ்டிசாலும் அப்படித்தான். மேற்பரப்பு சட்டென்று இறுகிவிடும், தொட்டால் ஒட்டாது. ஆனால் துணியைக் கவ்வ வேண்டிய அடிப்பக்கம் இன்னும் மாவாகவே இருக்கும். மழைக்காலத்தில் துணி ஈரம் இழுத்திருந்தால், சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை விரட்டவே போய்விடும். நல்ல பிரிண்டர் இறக்கிய சட்டையை எடுத்து எழுத்தை இரு கைகளாலும் இழுத்துப் பார்ப்பார். வெந்த எழுத்து ரப்பர் மாதிரி நீண்டு திரும்பும். வேகாதது விண்டு போகும்.

கடிதத்தின் கடைசி வரியிலேயே விடை இருந்தது: “விழாவுக்கு முந்தின நாள்தான் ஆர்டர் கொடுத்தோம். பாவம், ராத்திரியோடு ராத்திரியாக அறுபது சட்டை அடித்துக் கொடுத்தார்.” ஒரு சட்டைக்குத் தேவையான சூட்டு நேரம் ஒரு நிமிடம் சொச்சம்தான். அவசரத்தில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், பார்வைக்குத் தெரியாது என்பதால்.

அந்த வாசகம் தவறாகப் பிடித்துக்கொண்ட மன்னரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கோயில் ஒரே நாளில் எழவில்லை, உண்மை. ஆனால் விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்தது எப்போது என்று கோயில் கல்வெட்டே சொல்கிறது: ஆட்சியாண்டு 25, நாள் 275. அதாவது கி.பி. 1010. குடத்தின் எடை 3083 பலம் என்பதும் கல்லில் இருக்கிறது. நாளை எண்ணி, பலத்தை நிறுத்து வேலை செய்தவர் பெயரில் நாம் நாளைக்குத் தவணை கேட்கிறோம்.

வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டிப்பதையும், மறதி, சோம்பல், தூக்கத்தையும் சேர்த்து, கெட்டுப்போகிறவர் விரும்பும் ‘கலன்’ என்கிறார். பரிமேலழகர் அதற்கு மரக்கலம் என்று பொருள் கொண்டார். விரும்பிப் பூணும் ஆபரணம் என்று சொன்னவர்களும் உண்டு. டி-ஷர்ட்டைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டாவது உரைதான் பிடிக்கிறது.

சிரிப்பதற்கு நான் தடை சொல்லவில்லை. நம் வரலாற்றை வைத்துச் சிரிக்கப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. ஆனால் நாம் தள்ளிப்போடும் வேலை ஆவியாகிப் போவதில்லை. வரிசையில் கடைசியாக நிற்பவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. நீங்கள் தள்ளிப்போட்ட நாட்கள், ஒரு பிரிண்டரின் தூக்கத்திலும் அறுபது சட்டைகளின் சூட்டிலும் கழிந்தன.

உதிர்ந்த எழுத்தை ஒன்றும் செய்ய முடியாது. வகுப்பில் யாராவது இன்னும் துவைக்காமல் வைத்திருந்தால், ஹீட் பிரஸ் உள்ள கடையில் மறுபடி சூடு காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் பிழைத்துவிடும். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் உள்பக்கம் வெளியே திருப்பித்தான். அடுத்த விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே கடைக்குப் போங்கள். முதல் சட்டை இறங்கியதும், ஆறவிட்டு, எழுத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.