எறியப்பட்டதில் ஓர் அழகு



வீதியோரத்தில் மிதிபட்டுக் கிடக்கும் சிகரெட் துண்டொன்றை நீங்கள் உற்று நோக்கியதுண்டா?

‘வோக்’ சஞ்சிகைக்காக அழகிய ஆடைகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்றவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென். அவர் 1972ஆம் ஆண்டில், நியூயோர்க் வீதிகளில் பொறுக்கப்பட்ட சிகரெட் துண்டுகளை மிக அருகிலிருந்து படம்பிடித்தார். விலையுயர்ந்த பிளாட்டினக் கலவை பூசிய தாளிலே அவற்றைப் பெரிதாக அச்சிட்டார். கிழிந்த தாளும் படிந்த கறையும் சிதறிய புகையிலையுமாக, அவை இடிந்த மண்டபத்தின் தூண்களைப் போல் எழுந்து நின்றன. 1975இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அவற்றைக் காட்சிக்கு வைத்தது. துண்டுகள் மாறவில்லை, பார்த்த பார்வையே மாறியது.

ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின்பு, மீதியான துண்டுகளில் ஒன்றேனும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்பத் துண்டையே அவ்வாறு மதித்தவர், மனிதரை எவ்வளவு மதிப்பார்!

குடியினால் கெட்டவன் என்று நாம் பேசாது விட்ட சகோதரன் ஒருவன் நம் குடும்பத்திலும் இருக்கலாம். அவனது கறை பொய்யன்று. பென்னின் படங்களும் கறையை மறைக்கவில்லை. ஆயினும் இவ்வாரம் அவன் வாசலுக்குச் சென்று, அவன் முகத்தை அருகிலிருந்து பாருங்கள். அதிலே தமது சாயலை வைத்தவர், அவனை இன்னும் எறிந்துவிடவில்லை.