சாந்தியின் வெள்ளி பறிபோனது ஏன்? பாலினப் பரிசோதனை சொல்வது என்ன?

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் 800 மீட்டர் ஓடும் மாணவி, நாளைக்கு உலகத் தடகளப் போட்டி வரைக்கும் போகிறார்னு வெச்சுக்கோங்க. ஊக்கமருந்து சோதனை இருக்கும். அது எல்லாருக்கும் தெரியும். அதோடு இன்னொரு சோதனையும் உண்டு: ‘நீ பெண்தானா?’ இந்தக் கேள்வியால் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு பதக்கத்தை இழந்திருக்கிறது.

யார் இந்தச் சாந்தி?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2005-ல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், கஜகஸ்தான் வீராங்கனையை மயிரிழையில் முந்தி மறுபடியும் வெள்ளி. நேரம்: 2 நிமிடம் 3.16 விநாடி.

அந்தச் சந்தோஷம் சில நாள்கூட நீடிக்கவில்லை. பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ விஷயம், தொலைக்காட்சிச் செய்தியானது. தமிழக அரசு மட்டும் அறிவித்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தது.

அப்போ, ஊக்கமருந்து எடுத்தாரா?

இல்லை. இது வேறு, அது வேறு. பெண்ணாகவே பிறந்து வளர்ந்த சிலருக்கு, குரோமோசோமோ ஹார்மோனோ வழக்கத்திலிருந்து மாறியிருக்கும். பெரும்பாலும் அது அவர்களுக்கே தெரியாது. சிலரது உடலில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாகச் சுரந்தாலும், உடல் அதைப் பயன்படுத்த முடியாது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

விதி எப்படி மாறியது?

* 2011: டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு வரம்பு வந்தது.
* 2015: ஒடிசாவின் டூட்டி சந்த் தொடர்ந்த வழக்கில், விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது.
* 2019: 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்குப் புதிய வரம்பு. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவால் 800 மீட்டரில் தொடர முடியவில்லை.
* 2025: உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் ஓட ஒருமுறை மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. கன்னத்தின் உட்புறத்திலிருந்தோ ரத்தத்திலிருந்தோ மாதிரி எடுப்பார்கள்.

பெண்கள் பிரிவில் போட்டி நியாயமாக நடக்க வரம்பு வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. பிறவி உடலமைப்புக்குத் தண்டனையா என்று கேட்கிறது இன்னொரு தரப்பு.

சாந்தி என்ன ஆனார்?

ஊரில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பணம் தீர்ந்தது. 2012-ல் செங்கல் சூளையில் கூலி வேலை பார்ப்பது செய்தியானது. அதன்பின் பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயம் முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

டூட்டி வழக்குப் போட்டபோது அவர் பின்னால் இந்திய விளையாட்டு ஆணையம் நின்றது. 2006-ல் சாந்திக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. உத்திரமேரூர் மாணவிக்கு நாளைக்கு இந்தச் சோதனை வந்தால், முடிவு வெளியே கசியாமல் இருக்க வேண்டும். அது என்ன என்று தமிழில் புரியவைக்க ஒரு மருத்துவர் வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். விதி எதுவானாலும், இந்த மூன்றும் ஓடுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.